பையன் பாடுவதை நிறுத்திவிட்டான்: மகரக்கட்டு (வயசுப் பையனுக்குக் குரல் உடைவது) அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பாத்திரக்கடை:
வணக்கம். கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கடையில் ரேடியோ ஓடுவதோடு சரி. என் பையனுக்கு 14 வயது. 7 வயதில் அடுத்த தெருப் பாட்டு டீச்சரிடம் சேர்த்தோம். சாயங்காலம் டிவி முன்னால் உட்காராமல் இருந்தால் போதும் என்றுதான் சேர்த்தது. மூன்று வருஷத்தில் ஐந்து கட்டை சுருதியில் (கட்டை ஏற ஏறக் குரல் உச்சம்) மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைப் பிடித்து நின்றான் என்றால், தெருவில் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று கேட்பார். அப்பன் சொல்வதால் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதி நிஜம்.

போன வருஷம் பள்ளிக் கலைத் திருவிழாவில் வட்டார அளவில் முதலாவதாக வந்தான். அப்போது எடுத்த வீடியோ என் போனில் இருக்கிறது. குத்துவிளக்கு வாங்க வந்தவரிடம் விலையைச் சொல்லும் முன்னால் வீடியோவைக் காட்டியிருக்கிறேன். அடுத்த வருஷம் மாவட்டம், அப்புறம் மாநிலம், கலையரசன் பட்டம் என்று நானாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் முன்னால் மச்சினி மகள் கல்யாணம். ரிசப்ஷனில் நான்தான் மைக்கைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டேன். அனுபல்லவி மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கோழி, ஒரு பாதி தவளை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா சிரிப்புதான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவன் பாடவில்லை. வகுப்புக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்கிறான். டீச்சர், "மகரக்கட்டு, பொறுங்கள்" என்கிறார். எத்தனை நாள் பொறுப்பது? பழைய குரல் திரும்பி வருமா? மருந்து ஏதாவது உண்டா?

தாளக்கட்டு:
அந்த வீடியோவைப் போடுங்கள் சார், கேட்போம்.

மிளகுரசம்:
அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால். என் அண்ணன் பையனுக்குத் தொண்டை கட்டியபோது பத்தே நாளில் சரியானது. குளிர்ந்த தண்ணீர் கூடவே கூடாது.

அகாரசாதகம்:
பாத்திரக்கடை சார், நான் 26 வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் டீச்சர் சொன்னது சரி. ஆனால் "பொறுங்கள்" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்க வேண்டாம்.

முதலில் ஒன்று. மகரக்கட்டு என்பது தொண்டைக்கட்டு இல்லை. தொண்டை கட்டினால் சளி, வீக்கம், பத்து நாளில் போய்விடும். அதற்கு மிளகுரசம் சொன்ன பால் இதம். மகரக்கட்டில் உடம்பு வளர்கிறது. பையன்களுக்கு 12, 13 வயதுவாக்கில் குரல்வளை பெரிதாகும், கழுத்தில் சங்கு துருத்தும், உள்ளே குரல் நாண்கள் நீளமாகித் தடிக்கும். வீணையில் மந்தரத் தந்தி தடிமன், சாரணி மெல்லியது, இல்லையா? மெல்லிய தந்தியைக் கழற்றிவிட்டுத் தடித்த தந்தியைப் போட்டால் வாசிக்கிறவருக்கே கை தடுமாறும். அதுதான் கல்யாணத்தில் நடந்தது. ஆகவே பழைய குரல் திரும்பாது. பளிச்சென்று சொல்வதற்கு மன்னியுங்கள். புதுக்குரல் வரும்.

பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ஸ'விலிருந்து கீழ் 'ஸ' வரை உள்ள தூரம், இறங்கும். ஐந்து கட்டையில் பாடினவன் கடைசியில் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எங்கோ வந்து உட்காருவான். பெரும்பாலான ஆண்கள் அங்கேதான் பாடுகிறார்கள். உடைப்பு மோசமாக இருப்பது சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். முழுக்கப் படிய இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மேல் ஸ்தாயியை மூட்டை கட்டி வைத்துவிடுவேன். வகுப்புக்கு வந்ததும் இன்று எந்தச் சுருதியில் தொண்டை வலிக்காமல் நிற்கிறது என்று பார்ப்போம். இந்த வாரம் இரண்டரை என்றால் அடுத்த மாதம் இரண்டாக இருக்கும், கட்டை மாற்றுவதில் வெட்கமே கிடையாது. வாயை மூடிக்கொண்டு ம்காரம், மத்திய ஸ்தாயியில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, பத்துப் பதினைந்து நிமிஷம், போதும். மீதி நேரம் தாளம், ஸ்வரம் எழுதிப் பழகுவது, நிறையக் கேட்பது. கேள்வி ஞானத்துக்கு இதைவிட நல்ல காலம் வராது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு விடாமல் இருந்தாலோ, பேசும்போது வலித்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அவன் நிறுத்தியதற்கு மகரக்கட்டு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய_தஞ்சாவூர்:
அம்மா சொல்வது புதுக் காலத்து வைத்தியம். எங்கள் காலத்தில் நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகார சாதகம் செய்வார்கள். குரல் உடைந்தால் உடைந்த குரலிலேயே பாடு என்பார் வாத்தியார். அப்படி வந்தவர்கள்தான் மூன்று மணி நேரக் கச்சேரியை அலுங்காமல் பாடினார்கள்.

அகாரசாதகம்:
ஐயா, அப்படி வந்தவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்து தொண்டையைக் கெடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனவரைப் பற்றி யார் எழுதினார்கள்? என் தாய்மாமா அப்படிப் போனவர். சாகிறவரை கரகரத்த குரல்தான்.

தாளக்கட்டு:
கும்பகோணத்தில் கழுத்தளவு தண்ணீர் என்றால் மகாமகக் குளம்தான். பையனை இறக்கினால் ஊரே படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

நாடகப்பித்து:
மகரக்கட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். இந்தச் சொல்லைக் கேட்டு அதிகம் நடுங்கியவர்கள் அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிப் பையன்கள்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்பாடு பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேரும்போது ஆறு வயதுப் பிள்ளை. இப்படி எத்தனையோ கம்பெனிகள். எல்லா வேஷமும் சிறுவர்களே கட்டுவார்கள், கதாநாயக வேஷமான ராஜபார்ட்டும் பெண் வேஷமான ஸ்திரீபார்ட்டும் உச்ச சுருதியில் பாட வேண்டும். அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். குரல் உடைந்தால் வேஷம் போச்சு. நேற்றுவரை ராஜபார்ட், இன்றைக்குப் படுதா இழுக்கிற ஆள்.

சினிமா நடிகர் பி.யு. சின்னப்பாவுக்கும் இது நடந்தது. பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர், மகரக்கட்டு வந்ததும் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் சங்கீதம், இன்னொரு பக்கம் சிலம்பம், பளுதூக்கல். பிறகு 1940இல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேஷம் போட்டபோது பாட்டும் இருந்தது, உடம்பும் இருந்தது. உங்கள் பையனைக் கொஞ்ச நாள் கம்பு சுற்ற அனுப்புங்கள். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

"நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா பெரியவரான பிறகும் உச்சத்தில் பாடவில்லையா" என்று யாராவது கேட்பீர்கள். பாடினார். அது ஆயிரத்தில் ஒரு தொண்டை. 28 வயதுக்குள் போயும் விட்டார். அவரை வைத்து ஊர்ப் பிள்ளைகளை அளக்கக் கூடாது.

தேசாந்திரிப்பூனை:
மேல்நாட்டுச் சங்கதி ஒன்று. இத்தாலியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நன்றாகப் பாடும் சிறுவனின் குரல் மாறாமல் இருக்க, பருவம் வரும் முன்பே விதையடித்து விடுவார்கள். பல குடும்பங்கள் பிள்ளை பெரிய பாடகனாகிக் கரையேற்றுவான் என்று தாங்களே ஒப்புக்கொடுத்தன. அப்படிப்பட்டவர்களில் இசைத்தட்டில் தனித்துப் பாடிய குரல் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி என்பவருடையது. 1902இலும் 1904இலும் பதிவு செய்தார்கள். கேட்டால் ராத்திரி தூக்கம் வராது.

மிளகுரசம்:
சிவ சிவா. இது இங்கே எதற்கு?

தேசாந்திரிப்பூனை:
பிள்ளையின் குரல் அப்படியே இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் ஆசைப்படுவது புதிதில்லை என்று சொல்ல வந்தேன் அக்கா. கொஞ்சம் தூரம் போய்விட்டேன்.

பத்தாம்வகுப்பு_அப்பா:
அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. பாட்டு எங்கே ஓடிப்போகிறது? கணக்கு டியூஷனில் சேருங்கள்.

பாத்திரக்கடை:
எல்லோருக்கும் நன்றி. அகாரசாதகம் மேடம், பழைய குரல் திரும்பாது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ராத்திரிதான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

தாளக்கட்டு தம்பி கேட்ட வீடியோவைப் போட முடியாது. அதை அழித்துவிடச் சொல்லிப் பையன் இரண்டு தடவை கேட்டான். நான் "சரி, சரி" என்றேன், அழிக்கவில்லை. எப்படி அழிப்பது? அந்தக் குரல் இனி வராது என்றால் அது ஒன்றுதானே மிச்சம்? போன வாரம் ராத்திரி கடைக் கணக்கு முடித்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர் குடிக்க வந்தான். ஒன்றும் சொல்லாமல் சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

யாழ்வாசி:
நான் யாழ்ப்பாணம். எனக்கு மகள், 16 வயது. பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது, ஆனால் உடைந்து விழாது. கொஞ்சம் இறங்கும், கொஞ்ச நாள் காற்று கலந்த மாதிரி இருக்கும். அதனால் வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை.

இங்கே வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினை என்றால் ஒரு தரம் முடிய அடுத்த தரம், அப்படியே கலாவித்தகர் பட்டம் வரை ஓட்டம்தான். மகள் நாலாம் தரம் பாஸ். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு முன் விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். ஆர் வந்தாலும், "பிள்ளை, மாமிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று நான் சொல்லாத நாளில்லை. போன மாசம் யோசித்துப் பார்த்தேன், சோதினைக்கும் மாமிக்கும் இல்லாமல் இவள் கடைசியாக எப்போது பாடினாள் என்று. நினைவு வரவில்லை. சின்னனில் கிணற்றடியில் வாளியைத் தட்டித் தட்டிப் பாடுவாள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, ஆனால் நிறுத்த மாட்டாள்.

அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் பதிவில் என்னைப் பார்த்தேன்.

இரும்புப்பட்டறை:
நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதியாக வேண்டும்.

நானும் பாடின பையன்தான். சேலம் பக்கம். 13 வயதில் ஒரு டிவி போட்டிக்குத் தேர்வாகி இரண்டு சுற்று வந்தேன். எந்த டிவி என்று கேட்காதீர்கள். அப்பா லாரிப் பட்டறை மெக்கானிக். அந்த நிகழ்ச்சியை சிடியில் பதிந்து வைத்திருந்தார். பட்டறையில் அதுதான் ஓடும். டிரைவர்கள் எல்லாம், "உன் பையனாப்பா?" என்பார்கள். நான் அங்கே உட்கார்ந்து ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருப்பேன். அப்போது குரல் உடைந்துவிட்டது, மீசை முளைத்துவிட்டது. என்னைப் பார்த்து யாருக்கும் அந்தப் பையன் என்று தெரியாது. அப்பா, "ஆமா, என் பையன்" என்று சிடியைக் காட்டுவார்.

எனக்கு ஒரு தம்பி இருப்பதுபோலத் தோன்றும். என்னைவிட அழகாகப் பாடுகிறவன், என்றைக்கும் வளராதவன், அப்பாவுக்குச் செல்லம். அவன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒரு நாள் சிடியை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன். அப்பா அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் என்னை அவர் அடித்ததில்லை.

இருபது வயதில் குரல் நன்றாகத்தான் படிந்தது. ஒன்றே முக்கால்வாக்கில் கணீரென்று இருக்கும் என்பார்கள். இப்போது பட்டறை என்னுடையது, வேலை செய்யும்போது பாடுவேன். ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் பாடினேன். அப்பா ஒரு தடவை வந்து கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்ப மாதிரி இல்லை" என்றார். பாசத்தில்தான் சொன்னார். அவர் இப்போது இல்லை.

வீடியோவை அழிக்க வேண்டாம் சார். நான் உடைத்தது எனக்கே இப்போது வருத்தம். ஆனால் அவன் காதில் விழும்படி போடாதீர்கள்.

தாளக்கட்டு:
அண்ணே. வீடியோ கேட்டது தப்பு. மன்னிச்சிடுங்க.

பண்ணிசை_நெல்லை:
ஓதுவார் பணியில் இருக்கிறேன், திருநெல்வேலிச் சீமை. எனக்குக் குரல் உடைந்தபோது எங்கள் ஐயா பாட விடவில்லை, வகுப்பை விட்டும் அனுப்பவில்லை. கையில் தாளத்தைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் பாட நான் தாளம் போடுவேன், பதிகத்தை மனசுக்குள் கூடவே சொல்வேன். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. குரல் திரும்பியபோது பார்த்தால் என்னோடு படித்தவர்களில் எனக்குத்தான் அதிகப் பதிகம் பாராமல் வந்தது. பண்கள் ஒன்றுக்கொன்று எங்கே விலகுகின்றன என்பதும் அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் காதில் படிந்தது.

தம்பிக்கு விருப்பம் இருந்தால் பிற்பாடு மாவட்ட அரசு இசைப்பள்ளியை விசாரியுங்கள். மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் உண்டு. அவனாகக் கேட்டால் மட்டும்.

பழைய_தஞ்சாவூர்:
ஓதுவார் ஐயா எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். பாடாமல் உட்கார வைப்பதும் சாதகம்தான். பட்டறைத் தம்பி, உங்கள் அப்பாவுக்கு வார்த்தை தெரியவில்லை. எங்கள் தலைமுறைக்கே அது தெரியாது. பிள்ளையை அவன் முகத்துக்கு நேரே மெச்சக் கூடாது, கண்ணேறு என்று வளர்ந்தோம். ஊராரிடம்தான் மெச்சுவோம். அது பிள்ளையின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்ததே இல்லை.

பாத்திரக்கடை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், சீசன் வியாபாரம்.

இரும்புப்பட்டறை தம்பி எழுதியதை வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதைத்தான் நான் அஞ்சு மாசமா சொல்றேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள்.

வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டுப் பையனிடம் கொடுத்தேன். "உன்னுது. வெச்சுக்க, அழி, உன் இஷ்டம். என் போன்ல இல்லை" என்றேன். "கல்யாணத்துல நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றும் சொல்ல நினைத்துப் போனேன், அது வாயில் வரவில்லை. அவன் பென் டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மெமரி எத்தனை ஜிபி?" என்று கேட்டான்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர், பழைய ஆள், "தம்பி புதுசா ஏதும் பாடினானா? காட்டுங்க" என்றார். "இல்லீங்க, இப்ப குரல் மாறுது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடைபோட்டேன். கை தானாகப் போன் பக்கம் போனதை உங்களிடம் மறைப்பானேன்.

இன்று காலை அவன் பள்ளிக்கூடம் போனபின் மாடி அறையைப் பெருக்கிக் கொடுத்தேன், வீட்டம்மாவுக்கு முதுகுவலி. அவனுடைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி அலமாரி மேல் தூசியோடு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்று ஜன்னல் பக்கம் தரையில் இருந்தது, தூசி இல்லை. ஏழு வருஷமாக ஐந்தில் நின்ற திருகு ஒன்றரையில் நின்றது. எப்போது பாடுகிறான், பாடுகிறானா, சும்மா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா, தெரியாது. நான் கடையில் இருக்கும் நேரமாகத்தான் இருக்கும். சுற்றிப் பெருக்கிவிட்டு பெட்டியை நகர்த்தாமல் வந்துவிட்டேன்.

அகாரசாதகம்:
ஒன்றரையா? நல்ல கட்டை சார். இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும். அவனிடம் கேட்டுவிடாதீர்கள். டீச்சரிடமும் நீங்கள் சொல்ல வேண்டாம், அவன் போய்ச் சொல்லட்டும்.

பாத்திரக்கடை:
சரி மேடம். வீட்டம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

இரும்புப்பட்டறை:
மத்தியானம் கடையை மூடிச் சாப்பிட வரும்போது படியில் கொஞ்சம் சத்தமாக ஏறி வாங்க சார்.